கிருமியின் சவ்வில் என்ன மாறுகிறது? வாசகர் கேள்வி பதில்

ஆன்டிபயாட்டிக் பட்டதும் பாக்டீரியாவின் லிப்பிடுகள், அதாவது சவ்வில் உள்ள கொழுப்பு வகை மூலக்கூறுகள், எப்படி மாறுகின்றன, மருந்துக்குப் பணியும் கிருமியிலும் பணியாத கிருமியிலும் அந்த மாற்றத்தை எப்படி அளப்பது என்று பெங்களூரு வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். யஷ்வந்த்பூர், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகம் பக்கம் ஆய்வுக்கூடங்கள் நெருக்கமாக இருப்பதால் முக்கால்வாசிக் கடிதங்கள் ஆய்வு மாணவர்களுடையவை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும், உங்களுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

கே: எதிர்ப்புத்திறன் என்றாலே ஜீன், நொதி என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். லிப்பிடை எதற்காக அளக்க வேண்டும்?
எம்.எஸ்சி. மாணவி, மல்லேஸ்வரம்

ப: பென்சிலினுக்கு அந்தப் பாடம் பெரும்பாலும் போதும். பீட்டா-லாக்டமேஸ் நொதி மருந்தை உடைத்துவிடுகிறது, கதை முடிந்தது. மருந்து போய் ஒட்டும் இடமே லிப்பிடாக இருந்தால்தான் சிக்கல். டாப்டோமைசினும் கொலிஸ்டினும் அந்த வகை.

டாப்டோமைசின் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கால்சியத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பாக்டீரியாச் சவ்வில் உள்ள பாஸ்பாடிடைல்கிளிசரால் என்ற லிப்பிடில் போய் உட்காரும். ஆய்வுக்கூடத்தில் அதை ‘பிஜி’ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். பிஜிக்கு எதிர்மின்சுமை. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸிடம் எம்பிஆர்எஃப் என்று ஒரு புரதம் உண்டு. அது பிஜியின் தலையில் லைசின் என்ற அமினோ அமிலத்தை மாட்டி, சவ்வின் வெளிப்பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. இப்படி உண்டாகும் லைசில்-பிஜிக்கு நேர்மின்சுமை. இது கூடக்கூட மருந்துக்குப் பிடிமானம் குறைகிறது. மின்சுமை தள்ளுவது மட்டும்தான் காரணமா என்பதில் துறைக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த மருந்துக்கும் பிஜிக்கும் உள்ள ஒட்டுறவை மருத்துவமனையிலும் பார்க்கலாம். நம் நுரையீரலின் உட்பக்கம் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்டில் பிஜி இருக்கிறது. டாப்டோமைசின் அதில் சிக்கிக்கொள்வதால் நிமோனியாவுக்கு இதைக் கொடுப்பதில்லை.

கொலிஸ்டின் குறிவைப்பது ஈ. கோலை போன்ற, இரட்டைச் சவ்வுள்ள கிராம்-நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்பிட்-ஏ. அதன் இரண்டு பாஸ்பேட்டுகள்தான் மருந்துக்குப் பிடி. அந்தப் பாஸ்பேட்டின்மேல் பாஸ்போஎத்தனாலமீனையோ அமினோஅராபினோஸ் என்ற சர்க்கரையையோ ஏற்றிவிட்டால் பிடி போய்விடும். முதல் வேலையைச் செய்யும் எம்சிஆர்-1 ஜீன், கிருமிக்குக் கிருமி தாவும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் இருப்பதை 2015-இல் சீனாவிலிருந்து அறிவித்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

ஜீன் வரிசையே இதையெல்லாம் சொல்லிவிடாதா என்று கேட்பீர்கள். எம்பிஆர்எஃப் ஜீனில் மாற்றம் இருந்தும் லைசில்-பிஜி கூடாத கிருமிகள் உண்டு. வரிசையை மட்டும் படிப்பவர்கள் அங்கே ஏமாறுவார்கள்.

கே: மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்குப் பணியாத ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ்), ஒப்பிட ஏடிசிசி 29213 என்ற நியம ஸ்டாபிலோகாக்கஸ். இரண்டையும் டாப்டோமைசினோடு இரவு முழுக்க வளர்த்து லிப்பிட் எடுத்தேன். வித்தியாசம் மலைபோல் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி, “இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது” என்கிறார். எங்கே தப்பு?
ஆய்வு மாணவர், யஷ்வந்த்பூர்

ப: வழிகாட்டி சொல்வது சரி. தப்பு ஒன்றிரண்டு இல்லை, வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, எம்ஆர்எஸ்ஏ என்ற பெயரைப் பார்த்து மயங்கியது. அது மெத்திசிலின் வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு. மெக்-ஏ ஜீன் தரும் பிபிபி-2ஏ புரதத்தால் வருவது. அந்தக் கிருமி டாப்டோமைசினுக்குப் பரம சாதுவாக இருக்கலாம். எம்ஐசி, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு, மி.லி.க்கு 1 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ என்றால் அது பணியும் கிருமிதான். முதலில் எம்ஐசியைப் பாருங்கள். அதையும் கால்சியம் சரியாக உள்ள ஊடகத்தில் பாருங்கள். வழக்கமான முல்லர்-ஹின்டன் திரவத்தில் லிட்டருக்கு 20–25 மி.கி. கால்சியம்தான் இருக்கும், டாப்டோமைசினுக்கு 50 வேண்டும். 3.68 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை 100 மி.லி. நீரில் கரைத்தால் மி.லி.க்கு 10 மி.கி. கால்சியம் கிடைக்கும். அதில் 2.5–3 மி.லி.யை ஒரு லிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் கணக்கு முடிந்தது. கால்சியம் குறைந்தால் மருந்து வேலை செய்யாது. பணியும் கிருமியும் பணியாததுபோல் நடிக்கும்.

இரண்டாவது, இரண்டும் உறவில்லாத கிருமிகள். ஒரே இனமென்றாலும் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான இடங்களில் ஜீன் வேறுபடலாம். லிப்பிட் வேறுபாடு எதிர்ப்பால் வந்ததா, வம்சத்தால் வந்ததா என்று யார் பிரிப்பது? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே நோயாளியிடம் எடுத்த ஜோடி கிடைத்தால் அதுதான் பொன். ஜீனோம் வரிசையைப் பார்த்து இரண்டும் ஒரே வம்சம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தாய்க்கிருமியும் அதிலேயே எம்பிஆர்எஃப் நீக்கப்பட்ட கிருமியும் என்று வைத்து ஒப்பிடலாம்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு: இரவு முழுக்க. வளர்ச்சி நின்ற கட்டத்துக்குப் போகும்போது மருந்தே இல்லாவிட்டாலும் லிப்பிட் மாறும். இரண்டு பிஜி சேர்ந்து ஒரு கார்டியோலிப்பின் ஆகும். அதனால் பிஜி குறைந்து கார்டியோலிப்பின் ஏறும். ஈ. கோலையில் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் சைக்ளோபுரோப்பேன் வளையமாக மாறும். மருந்து பட்ட குடுவை மெதுவாக வளர்ந்து ஒரு கட்டத்திலும், மருந்து படாதது வேகமாக வளர்ந்து வேறொரு கட்டத்திலும் நின்றிருக்கும். நீங்கள் அளந்தது பெரும்பாலும் இந்தக் கட்ட வித்தியாசம்.

செய்ய வேண்டியது நான்கு குடுவை: பணிவது மருந்தின்றி, பணிவது மருந்தோடு, பணியாதது மருந்தின்றி, பணியாதது மருந்தோடு. எல்லாம் ஒரே தொகுதி ஊடகத்தில், 37 டிகிரியில், ஒரே அளவு குடுவையில், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல். ஓடி, அதாவது வளர்ப்பின் கலங்கல் அளவு, 0.4–0.5 வந்ததும் மருந்து. 30, 60 நிமிடங்களில் மாதிரி. மருந்தின்றி இருக்கும் இரண்டு குடுவைகளை ஒப்பிட்டால் பிறவி வேறுபாடு தெரியும். ஒவ்வொரு கிருமியிலும் மருந்தோடும் மருந்தின்றியும் ஒப்பிட்டால் மருந்தின் விளைவு தெரியும். பணியாததில் அந்த விளைவு கூடுதலா குறைவா என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. இரண்டே குடுவையில் அதற்கு விடை கிடையாது.

மருந்தளவில் ஒரு பொறி இருக்கிறது. எம்ஐசி அளப்பது மி.லி.க்கு சுமார் 5 லட்சம் கிருமிகளில். உங்கள் குடுவையில் அதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கும். ‘பாதி எம்ஐசி’ என்று ஊற்றுவது அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு கிருமிக்கும் எவ்வளவு எட்டும்? ஆகவே அதே அடர்த்தியில் நாலைந்து அளவுகளை வைத்து வளர்ச்சிக் கோடு போட்டு, வேகத்தைக் கால்வாசி குறைக்கும் அளவு எது என்று பார்த்து எடுங்கள். இரு கிருமிக்கும் ஒரே மைக்ரோகிராமா, அவரவர் எம்ஐசியில் ஒரே பங்கா என்று சண்டை வரும். ஒரே மைக்ரோகிராம் என்றால் பணியும் கிருமி செத்துக்கொண்டிருக்கும், பணியாதது சிரித்துக்கொண்டிருக்கும். ஒரே பங்கு என்றால் மருந்தின் அளவே வேறு. எங்கள் கருத்து: இரண்டையும் செய்யுங்கள், ஒன்றை மட்டும்தான் செய்ய முடியுமென்றால் ஒரே பங்கு.

இன்னொரு கட்டுப்பாட்டுக் குடுவையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: சவ்வோடு சம்பந்தமில்லாத முறையில் வளர்ச்சியைக் குறைப்பது. குளோராம்பெனிகால் புரதத் தயாரிப்பைத் தடுக்கும். அதை லேசாகக் கொடுத்து அதே வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். அங்கும் அதே லிப்பிட் மாற்றம் வந்தால் அது டாப்டோமைசினின் கைவரிசை ஆகாது. வெப்பத்தைக் குறைத்து வேகத்தை இறக்கலாமே என்று நினைக்காதீர்கள். குளிர்ந்தால் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்ள பாக்டீரியா தானாகவே கொழுப்பு அமிலத்தை மாற்றிக்கொள்ளும்.

ஒரே குடுவையிலிருந்து மூன்று குழாய் எடுத்து அதை மூன்று மறுபரிசோதனை என்று எழுதுவதும் நம்மூரில் சகஜம். வேறு நாள், வேறு காலனி, ஐந்தாறு முறை.

கே: பிஜி அழகாக வருகிறது, லைசில்-பிஜி மட்டும் வருவதே இல்லை. குளோரோஃபார்ம், மெத்தனாலால் லிப்பிடைப் பிரித்தெடுக்கும் பிளை-டையர் முறைதான் செய்கிறேன்.
ஆய்வு மாணவி, ஜிகேவிகே

ப: லைசினைப் பிஜியோடு சேர்த்திருப்பது ஓர் எஸ்டர் பிணைப்பு. காரத்தன்மையில் மளமளவென்று அறுந்துவிடும். நடுநிலை பிஹெச்சிலும் நேரம் போகப்போகக் கழன்றுகொண்டே இருக்கும். அப்படி அறுந்தால் மிஞ்சுவது பிஜிதான். உங்கள் ‘அழகான’ பிஜியில் ஒரு பங்கு இப்படி வந்ததாக இருக்கலாம். டிரிஸ் பஃபரில், பிஹெச் 8-இல், நொதி வைத்துச் செல்சுவரைக் கரைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

1959-இல் வந்த பிளை-டையர் முறையையே அமிலப் பக்கம் தள்ளிச் செய்யுங்கள். 10–20 மி.லி. வளர்ப்பைப் பனியில் குளிரவைத்து, 4 டிகிரியில் 4,000 ஜி, 10 நிமிடம் சுழற்றுங்கள். குளிர்ந்த 150 மில்லிமோலார் அமோனியம் அசிடேட்டில் இருமுறை அலசுங்கள். பாஸ்பேட் பஃபர் வேண்டாம்: கால்சியம் கூடுதலாக உள்ள ஊடகத்தின் மிச்சத்தோடு சேர்ந்து வெண்மையாகப் படியும், மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் உப்பும் தொல்லை தரும். கிருமியை 0.8 மி.லி. சோடியம் அசிடேட் பஃபரில், 20 மில்லிமோலார், பிஹெச் 4.6-இல், கலக்கி 0.1 மி.மீ. கண்ணாடி மணிகளோடு 30 விநாடி குலுக்கு, ஒரு நிமிடம் பனி, இப்படி ஐந்தாறு முறை. செல்சுவரைக் கரைக்கும் லைசோஸ்டாபின் நொதியை 37 டிகிரியில் அரைமணி வைப்பதைவிட இது மேல். அந்த அரைமணியில் கிருமியின் சொந்த நொதிகள் லிப்பிடை மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிறகு கண்ணாடிக் குழாய்க்கு மாற்றி 1 மி.லி. குளோரோஃபார்ம், 2 மி.லி. மெத்தனால். உள்நியமத்தை, அதாவது ஒப்பிட்டு அளப்பதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் லிப்பிடை, இந்தக் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும்; கடைசியில் சேர்த்தால் பிரித்தெடுப்பில் போன இழப்பு கணக்கில் வராது. இப்போது எல்லாம் அடுக்குப் பிரியாமல் ஒரே கலவையாக, தெளிவாக இருக்க வேண்டும். கலங்கி இரண்டாகப் பிரிந்தால் நீர் கூடிவிட்டது என்று பொருள். மெத்தனாலை சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்யுங்கள். அரைமணி கழித்து 1 மி.லி. குளோரோஃபார்ம், 1 மி.லி. அதே பஃபர் சேர்த்து 1,500 ஜி-யில் 10 நிமிடம். கீழ் அடுக்கைக் கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டால் எடுங்கள். நடுவில் மிதக்கும் வெள்ளைப் புரதத் தட்டைக் கிளறாதீர்கள். நைட்ரஜனில் உலர்த்தி, குளோரோஃபார்ம்-மெத்தனாலில் கரைத்து, மைனஸ் 80-இல்.

கொலிஸ்டின் ஆய்வுக்கு இந்த வழி உதவாது. லிப்பிட்-ஏ நீண்ட சர்க்கரைச் சங்கிலியோடு சேர்ந்திருப்பதால் கீழ் அடுக்குக்கு வராது. மெல்லிய அமிலத்தில் அந்த இணைப்பை அறுக்க வேண்டும்: சோடியம் அசிடேட் பிஹெச் 4.5, 1 சதவீதம் எஸ்டிஎஸ் (ஒரு டிடர்ஜென்ட்), 100 டிகிரி, அரைமணி முதல் ஒரு மணி. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு கொதிநீர்க் குவளையில் வைத்தால் அறுபடுவது குறையும். உலோக பிளாக் ஹீட்டரில் வையுங்கள், மூடியை இறுக்கி. நேரம் ஓடிவிட்டால் ஒரு பாஸ்பேட்டும் கழன்று மாஸ் ஸ்பெக்கில் 80 டால்டன் (நிறை அலகு) குறைந்த சிகரம் வரும். அதைப் புதிய லிப்பிட் என்று கொண்டாடிவிடாதீர்கள்.

கே: கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் கிருமிக்கு அது உதவுமா?
இல்லத்தரசி, அல்சூர்

ப: கேள்வி நீங்கள் நினைப்பதைவிட ஆழமானது. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸால் ஒலியிக் அமிலம் போன்றவற்றைத் தானே தயாரிக்க முடியாது. ஆனால் மனித சீரத்தில் வளர்த்தால் அங்கிருப்பதை எடுத்துத் தன் சவ்வில் வைத்துக்கொள்ளும். கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தடுக்கும் மருந்துகளை, சீரத்தில் கிடைப்பதை வைத்தே சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் சமாளித்துவிடுகின்றன. குடுவையில் கண்ட லிப்பிட், உடம்புக்குள் இருக்கும் கிருமியின் லிப்பிட் ஆகாது என்று ஆய்வாளர்கள் தலையில் கைவைப்பது இதனால்தான். நெய்யைக் குறைக்க வேறு காரணங்கள் உண்டு, இதற்காக வேண்டாம்.

கே: மாஸ் ஸ்பெக் முடிவில் 338.34 என்று ஒரு பெரிய சிகரம், மருந்து கொடுத்த மாதிரியிலும் கொடுக்காததிலும். இது எந்த லிப்பிட்? கூடவே, பிஜி 17:0/17:0 உள்நியமத்தின் அளவு மாதிரிக்கு மாதிரி குதிக்கிறதே?
கருவி இயக்குபவர், பெங்களூரு

ப: 338.34 லிப்பிட்தான், ஆனால் பாக்டீரியாவுடையது இல்லை. எருசமைடு, பிளாஸ்டிக் வழுக்கலாக இருக்கத் தொழிற்சாலையில் சேர்ப்பது. குளோரோஃபார்ம் பட்ட பிளாஸ்டிக் குழாய், பிப்பெட் டிப் எல்லாவற்றிலிருந்தும் கரைந்து வரும். 391.28-உம் தெரிந்தால் அது பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட். கண்ணாடியும் டெஃப்லான் பதித்த மூடியுமாக மாறுங்கள். கிருமியே போடாத வெற்று மாதிரி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கூடவே ஓட்டுங்கள். அதிலும் இருப்பது கிருமியுடையதாக இருக்க முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். 17:0 என்றால் 17 கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லாத கொழுப்பு அமிலச் சங்கிலி. ஒற்றைப்படைச் சங்கிலி இயற்கையில் அரிது என்பதால் 17:0/17:0 நல்ல உள்நியமம் என்பது விலங்குத் திசுவுக்கு எழுதிய அறிவுரை. ஸ்டாபிலோகாக்கஸில் 15:0, 17:0, 19:0 என்று கிளைத்த ஒற்றைப்படைச் சங்கிலிகள்தான் அதிகம். அதன் சொந்த 15:0/19:0 பிஜியும் உங்கள் 17:0/17:0 பிஜியும் ஒரே நிறை. கிருமியின் அளவு மாறும்போது நியமமும் சேர்ந்து குதிப்பதுபோல் தெரிகிறது. டியூட்டீரியம் சேர்த்த நியமம் வாங்குங்கள். விலை கசக்கும், வேறு வழியில்லை.

சிகரங்களைப் பொறுத்தவரை, எதிர்முறையில் (எதிர்மின்சுமை அயனிகளை அளக்கும்போது) 721.5 வந்தால் ஸ்டாபிலோகாக்கஸின் பிரதான பிஜி, இரு சங்கிலியும் சேர்த்து 32:0. லைசின் ஏறியதும் 128 கூடி 849.6. நேர்முறையில் அதுவே 851.6, அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். கார்டியோலிப்பின் இரட்டை மின்சுமையோடு பாதி நிறையில் வந்து பிஜிகளின் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஐசோடோப் சிகரங்களின் இடைவெளியைப் பாருங்கள்: 1 என்றால் பிஜி, 0.5 என்றால் கார்டியோலிப்பின். ஈ. கோலையில் சைக்ளோபுரோப்பேன் 17:0-வும் 17:1-உம் ஒரே நிறை; நிறையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

முடிவை வெறும் சதவீதமாக எழுதாதீர்கள். பிஜி குறைந்தாலே மற்றதெல்லாம் ஏறியதுபோல் சதவீதம் காட்டும். புரத மில்லிகிராமுக்கு எத்தனை நானோமோல் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓடியால் வகுப்பது பீட்டா-லாக்டம் ஆய்வில் ஆகாது: செஃபலெக்சின், அஸ்ட்ரியோனம் போன்றவை ஈ. கோலையைப் பிரியவிடாமல் நூல்போல் நீளவைக்கும். கிருமி எண்ணிக்கை அப்படியே இருக்க, ஓடி ஏறிக்கொண்டே போகும்.

கே: எங்கள் ஆய்வகத்தில் கிருமி கொலிஸ்டினுக்குப் பணிகிறதா என்று பார்க்க மருந்து தோய்த்த டிஸ்க்தான் வைக்கிறோம். டாக்டர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.
ஆய்வகப் பணியாளர், சிவாஜிநகர்

ப: மறுக்கத்தான் வேண்டும். கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. வட்டத்தின் அளவை நம்ப முடியாது. தட்டின் சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து வளர்ச்சியைப் பார்க்கும் திரவ மைக்ரோடைல்யூஷன்தான் முறை. சல்ஃபேட் உப்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஊசிமருந்தான மெத்தேன்சல்ஃபோனேட் குழியில் மெதுவாகத்தான் மருந்தாக மாறும். பூச்சு எதுவும் இல்லாத பாலிஸ்டைரீன் தட்டு போதும், பாலிசார்பேட் சேர்க்கக் கூடாது.

மால்டி என்ற மாஸ் ஸ்பெக் வகைக் கருவி உள்ள இடத்தில் லிப்பிட்-ஏவையே எதிர்முறையில் நேரடியாகப் பார்க்கலாம். ஈ. கோலையில் வழக்கமான சிகரம் 1797. பாஸ்போஎத்தனாலமீன் ஏறினால் 123 கூடி 1920. க்ளெப்சியெல்லாவில் 1824, 1840. அமினோஅராபினோஸ் ஏறினால் ஒவ்வொன்றும் 131 கூடும். அசினெட்டோபாக்டரில் 1910-லிருந்து 2033. அசினெட்டோபாக்டரில் சில நேரம் ஒன்றுமே வராது. மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லிப்பிட்-ஏ தயாரிப்பையே நிறுத்திவிட்டு உயிர்வாழும் வகைகள் அந்தக் கிருமியில் உண்டு. மருந்துக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

கே: லிப்பிட் எடுத்தபின் மிஞ்சும் குழாய்களில் கிருமியும் இருக்கிறது, குளோரோஃபார்மும் இருக்கிறது. நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போடலாமா?
ஆய்வு உதவியாளர், ஹெப்பால்

ப: கூடவே கூடாது. குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கும். மூடியைத் திறக்கும்போது ஆவி முழுக்க உங்கள் முகத்துக்குத்தான். பிளீச்சும் ஊற்றக் கூடாது. கரைப்பான் கலந்த திரவம் ஹாலோஜன் கழிவுப் புட்டிக்குப் போகட்டும், புகைக்கூண்டுக்குள், மூடியை இறுக்காமல் ஒரு நாள் வைத்தபின் மூடி. கரைப்பான் படாத வளர்ப்புத் திரவம், தட்டு, அலசிய நீர் மட்டும் ஆட்டோகிளேவுக்கு. அங்கும் பெங்களூரு உயரம் குறுக்கே வரும். அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும் இங்கே உள்ளே 121 டிகிரி வராது, சுமார் 119-தான். 16.5 பவுண்டுக்கு ஏற்றுங்கள், அல்லது முள்ளைப் பார்க்காமல் வெப்பமானியைப் பார்த்து 20 நிமிடம் எண்ணத் தொடங்குங்கள்.